தொப்பி மாட்டுவதற்கு முன்: புனித நாட்டுக்குப் புறப்படும் நம் பங்கினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நம் பங்கு மக்களுக்கு,



போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது கெபிக்குப் பக்கத்தில் உங்களுக்குத் தொப்பி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் தொப்பி, கழுத்தில் தொங்கவிட ஓர் அட்டை, தோளில் மாட்ட ஒரு பை. வாங்கினவர்கள் அங்கேயே தலையில் வைத்துப் பார்த்துச் சிரித்தீர்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. இந்தத் தொப்பிகளை நாம் சின்ன வயதிலிருந்து பார்த்துவருகிறோம் அல்லவா? சனி, ஞாயிறானால் நம் செஞ்சிக் கோட்டைக்கு வருகிற பஸ்களிலிருந்து இதே தொப்பிகள்தான் இறங்குகின்றன. இந்த முறை அது நம் தலைக்கு வந்திருக்கிறது.

அன்றைக்கே அறிவிப்புப் பலகையில் அறைப் பட்டியலையும் ஒட்டியிருந்தார்கள். ஓர் அறைக்கு இரண்டு பேர். அதைச் சுற்றி நடந்த முணுமுணுப்பு என் காதிலும் விழுந்தது. பெயரை மாற்றி எழுதச் சொல்லி ஒருவர் பேனாவை நீட்டினார். என்னை இந்த மடலை எழுதவைத்தது அந்தப் பேனாதான். அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் 2019-இல் இதே பயணத்தைப் போய்வந்தவள் என்ற முறையில், முதல் மூன்று நாட்களைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். நான்காம் நாளிலிருந்து நற்செய்தியில் கேட்ட ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக வழிப்பலகையில் வரத் தொடங்கும். அப்புறம் யார் சொல்வதும் உங்கள் காதில் ஏறாது. சண்டை, வயிற்றுக் கோளாறு, வீட்டு ஞாபகம், அழுகை எல்லாம் முதல் மூன்று நாட்களில்தான். திரும்பி வந்தவர்கள் ஆல்பத்தைக் காட்டும்போது அதையெல்லாம் சொல்வதில்லை.

முதலில் காசு. தமிழக அரசு மானியத்தை நம்பிக் கைமாற்று வாங்கியிருப்பவர்கள் கவனியுங்கள். 2011-12-இல் 500 பேருக்குத் தலைக்கு 20,000 ரூபாய் என்று தொடங்கிய திட்டம் அது. பின்னர் 550 பேருக்கு 37,000, அருட்சகோதரிகள் 50 பேருக்கு 60,000 என்று உயர்ந்தது. அந்தப் பணம் போய்வந்த பிறகுதான் வங்கிக் கணக்கில் ஏறும், அதுவும் தேர்வானவர்களுக்கு மட்டும். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து யாரும் போக வேண்டாம். யோர்தானில் கால் நனைக்காதவர்களுக்கு மோட்சம் இல்லை என்று எந்தச் சாமியாரும் பிரசங்கம் வைத்ததில்லை.

அடுத்தது மாத்திரை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் போடுகிற மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். பன்னிரண்டு நாளுக்கு உள்ளதை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். ஊறுகாய்க்கு நேர்மாறு: அதைக் கட்டாயம் பெரிய பெட்டியில் வையுங்கள். சென்னை விமான நிலையத்தில் சோதனை மேசைக்குப் பக்கத்துத் தொட்டியில் எங்கள் குழுவின் மாங்காய் ஊறுகாய் மூன்று பாட்டில் போய் விழுந்தது. 100 மில்லிக்கு மேல் எண்ணெய் மிதக்கிற எதையும் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள். அந்த மாங்காய்க்காக ஒரு சித்தி பட்ட துக்கம் துபாய் வரைக்கும் ஆறவில்லை.

புறப்படுகிற இரவு இப்படி இருக்கும். கோயில் வாசலில் ஆசீர் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவீர்கள். திண்டிவனம் தாண்டுவதற்குள் ஒரு செபமாலை முடிந்துவிடும். எலுமிச்சைச் சாதப் பொட்டலம் பிரியும். நம் ஊருக்கு இன்னும் ரயில் வந்து சேரவில்லை. ரயில் ஏறிப் பழக்கமில்லாத நம்மில் பலர் நேரே விமானம் ஏறுவோம். இருக்கைப் பட்டையை மாட்டத் தெரியாமல் விழிப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையைக் கேளுங்கள், மாட்டிவிடும். வளைகுடாவில் விமானம் மாறுகிற இடத்தில்தான் வயதானவர்கள் தவறிப்போவார்கள். எல்லாக் கதவும் ஒன்று போலவே இருக்கும். அங்கே இளவட்டங்கள் முன்னால் ஓடக் கூடாது. முழங்கால் வலிக்காரர் எவ்வளவு வேகத்தில் நடக்கிறாரோ அதுதான் குழுவின் வேகம். கோட்டையின் ராஜகிரிப் படியில் அப்பா அம்மாவோடு ஏறிய பழக்கம் உள்ள நமக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

யோர்தான் நாட்டு அம்மானில் இறங்கினால் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் திருப்ப வேண்டும். வயிறு அவ்வளவு சுலபமாகத் திரும்பாது. விடியற்காலை மூன்றரைக்குப் பசிக்கும். காலை உணவுக்குப் போனால் இட்லி இருக்காது. தட்டையான ரொட்டி, தயிர், ஆலிவ் காய், கொண்டைக்கடலையை மைய அரைத்து எண்ணெய் ஊற்றிய ஒரு கூழ் இருக்கும். எங்கள் குழுவில் பாதிப் பேர் தட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தோம். பரிமாறிய பையன் அதைப் பார்த்துவிட்டான். அவன் உள்ளே போய் எண்ணெயில் பொரித்த உருண்டை ஒரு தட்டு சூடாகக் கொண்டுவந்து வைத்தான். கடித்துப் பார்த்தால் நம் மசால்வடைக்குப் பங்காளி! அதற்குப் பிறகுதான் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தோம்.

இந்த இடத்தில் நம் ஊரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நாம் மற்றவர்கள் வந்து பார்க்கிற ஊர்க்காரர்கள். 1597-இல் நிக்கோலா பிமெந்தா என்ற இயேசு சபைக் குரு செஞ்சிக்கு வந்தார். கிருஷ்ணப்ப நாயக்கர் அவரை வரவேற்றார். இந்தியாவில் தாம் பார்த்த நகரங்களில் இதுவே பெரியது என்றும், போர்ச்சுகலில் லிஸ்பன் தவிர வேறெந்த நகரமும் இதற்கு ஈடில்லை என்றும் அவர் எழுதிவைத்தார். அன்றைக்குத் தொடங்கியதோ அதற்கும் முன்போ, மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று படையோடு வந்தவர்களும் போனவர்களுமாகவே இந்த ஊர் இருந்திருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருக்கிற ஒரே கோட்டையாக நம் கோட்டையும் அதில் இடம்பெற்றது. அதிலிருந்து தொப்பிகள் இன்னும் கூடியிருக்கின்றன.

அந்தத் தொப்பிக்காரர்களைப் பற்றி நாம் என்ன பேசிக்கொள்கிறோம்? பாதி மலை ஏறி, மூச்சு வாங்கி, போட்டோ எடுத்து, பாட்டிலைக் குரங்கிடம் பறிகொடுத்துவிட்டு இறங்குவார்கள். கல்யாண மகாலுக்கு வழி கேட்பார்கள், சொன்னவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். வெள்ளரிக்காய்க்காரக் கிழவியிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு, ஓட்டலில் ஐந்நூறு ரூபாய்க்குச் சாப்பிடுவார்கள். இங்கே ஒரு ஊர் இருக்கிறது, அதில் சனங்கள் இருக்கிறார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. இப்படித்தானே சொல்கிறோம்? அம்மானில் அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தபோது நானும் அந்தத் தொப்பிக்காரிதான் என்று உறைத்தது.

இரண்டாம் நாள் நெபோ மலை. இணைச்சட்டம் 34-ஆம் அதிகாரத்தைப் புறப்படும் முன்பே ஒருமுறை வாசித்துவிடுங்கள். நாற்பது ஆண்டு பாலைவனத்தில் மக்களை நடத்திவந்த மோசேக்கு ஆண்டவர் அந்த மலை மேலிருந்து நாட்டைக் காட்டுகிறார். உள்ளே போக அனுமதி இல்லை என்றும் சொல்லிவிடுகிறார். 2000-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அங்கே வந்து ஓர் ஒலிவ மரம் நட்டார். காற்று பலமாக அடிக்கும், தொப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். எதிரே சாக்கடலும் எரிகோ சமவெளியும் விரிந்து கிடக்கும். வானம் தெளிவாக இருந்தால் எருசலேம் வரைக்கும் தெரியும் என்பார்கள். எங்களுக்குப் புழுதி மூட்டம்தான் தெரிந்தது. சிலர் ஏமாந்துபோனார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மோசேக்குக் கிடைத்ததும் ஒரு பார்வை மட்டும்தானே!

அங்கிருந்து மாதபா பக்கம். அந்த ஊரில் புனித ஜார்ஜ் ஆலயத்தின் தரையில் ஆறாம் நூற்றாண்டில் வண்ணக் கற்களைப் பதித்துச் செய்த ஒரு வரைபடம் இருக்கிறது. புனித நாட்டைக் காட்டும் மிகப் பழைய வரைபடங்களில் ஒன்று. நடுவில் எருசலேம், அதன் வாசல்கள், தூண்கள் வரிசையாக நிற்கும் தெரு. வழிகாட்டி அவசரப்படுத்துவார். அசையாதீர்கள். யோர்தான் ஆறு சாக்கடலில் சேரும் இடத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அங்கே ஒரு மீன் உப்புத் தண்ணீரைக் கண்டு மிரண்டு, ஆற்றிலேயே எதிர்த்து நீந்தித் திரும்பிவருகிறது. பதினான்கு நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு கல் வேலைக்காரருக்கு இருந்த குறும்பைப் பாருங்கள்! இன்னொன்றும் கவனியுங்கள். இடிந்து கிடந்த அந்தப் பழைய ஊரின் மேல்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவக் குடும்பங்கள் வந்து வீடு கட்டிக் குடியேறின. மதில்களுக்கு நடுவே ஆடு மேய்த்து, கோட்டைக் கல்லில் துணி துவைத்த நமக்கு அவர்கள் வாழ்க்கை புரியாதா?

அடுத்து யோர்தான் ஆற்றங்கரை. அந்த இடத்தை அரபியில் அல்-மக்தாஸ் என்று சொல்வார்கள். ஆண்டவர் திருமுழுக்குப் பெற்ற இடமாகப் போற்றப்படும் அதை 2015-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. இப்போது நம் ஊருக்கும் அதற்கும் ஒரே பட்டியல். ஆனால் ஆற்றைப் பார்த்ததும் நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். எங்கள் குழுவில் ஒரு தாத்தா சத்தமாகவே கேட்டுவிட்டார்: “இதுவா யோர்தான்? நம்ம சங்கராபரணி இதைவிட அகலமாச்சே!” பழுப்புத் தண்ணீர், சில அடி தூரத்தில் எதிர்க்கரை, இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு காவல். மேலே இருக்கிற நாடுகள் விவசாயத்துக்கும் குடிநீருக்கும் எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் அங்கே ஓடுகிறது. தாத்தா சொன்னது தப்பில்லை. நம் சங்கராபரணியும் பாதி வருஷம் மணல்தான். ஆனாலும் வில்லியனூர் லூர்து மாதா ஊரைத் தொட்டுக்கொண்டு போய்க் கடலில் சேர்கிறது. மெலிந்த ஆற்றை மதிக்க நமக்குத் தெரியும். கால் நனைத்த தாத்தா எதிர்க்கரையில் நின்ற யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தப் பாட்டியும் கும்பிட்டார். எல்லைக்கு மேலாக எங்கள் குழு அனுப்பிய முதல் வணக்கம் அதுதான்.

மூன்றாம் நாள் யோர்தான் நாட்டைவிட்டுக் கடக்கும் எல்லைப் பாலம். இங்கே பொறுமை வேண்டும். மணிக்கணக்கில் உட்காரவைப்பார்கள். தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். வேடிக்கையாகப் பதில் சொல்ல வேண்டாம், படம் எடுக்கவே வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கூட வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள். கைக்குழந்தையோடு வரும் பாலஸ்தீனப் பெண்களும், மருத்துவமனைக்குப் போகும் கிழவர்களும் அந்தப் பாலத்தைக் கடக்கக் காத்திருப்பார்கள். நமக்கு வாழ்நாளில் ஒரு முறை நடக்கும் சங்கடம் அவர்களுக்கு வழக்கம்.

2023 அக்டோபருக்குப் பிறகு அந்த மண்ணில் நடந்ததை நீங்கள் தினமும் செய்தியில் பார்த்திருக்கிறீர்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பெத்லகேமில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டங்களை ரத்து செய்தார்கள். யாத்திரிகர் பஸ்கள் நின்றன. ஒலிவ மரத்தில் குடிலும் சிலுவையும் செதுக்கிப் பிழைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் கடையைச் சாத்தின. 2020-இல் கொரோனாவுக்காக நம் கோட்டையைப் பூட்டியபோது வாசலில் வெள்ளரி விற்றவர்களும் மோர் விற்றவர்களும் என்ன பாடு பட்டார்கள் என்று நமக்குத் தெரியும். அதனால் உங்களை அழைத்துப்போகும் பெரிய கடையில் வாங்குவதோடு நிறுத்தாமல், தெருவோரச் சிறிய கடையிலும் ஒரு செபமாலை வாங்குங்கள். விற்பவரிடம் ஊர், பிள்ளைகள் என்று நாலு வார்த்தை பேசுங்கள். அரபியில் திருப்பலி காணும் கத்தோலிக்கர் அங்கே உண்டு. நிலவரம் மாறிப் பயணத் திட்டத்தில் ஏதாவது ஓர் ஊர் விட்டுப்போனால் காசு போச்சு என்று சத்தம் போடாதீர்கள். நெபோ மலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் பேனா.

2019-இல் அம்மானில் எல்லார் பெட்டியும் சுழல் பட்டையில் வந்தது. என்னுடையது மட்டும் வரவில்லை. நான்கு நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. கட்டியிருந்த சேலையைத் தவிர என்னிடம் மாற்று இல்லை. எனக்கு அறையில் துணையாகப் போட்டிருந்தவர் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக்காரர். முப்பது வருஷமாக ஒரே பங்கு. அவர் பிள்ளைகளுக்கு நான் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அவர் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் நான் குடித்ததில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். திருவிழாத் தேர் எந்தத் தெரு வரைக்கும் போகும், எங்கே திரும்பும் என்பதில் நம் பங்குகளில் எத்தனை கணக்கு இருக்கிறதோ அதே கணக்குதான். சொல்லிவிடுகிறேன்: பட்டியல் ஒட்டியபோது நானும் ஃபாதரிடம் போய் வேறு ஆளோடு போடச் சொல்லிக் கேட்டவள்தான். அவர் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார்.

அன்று இரவு அவர் தன் பெட்டியைத் திறந்து கட்டில் மேல் மூன்று சேலைகளை எடுத்து வைத்தார். “டீச்சர், இந்தப் பச்சை புதுசு, நான் இன்னும் கட்டல. நீங்க கட்டிக்கோங்க” என்றார். புதுசு என்று அவர் ஏன் எடுத்துச் சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது. தொண்டை அடைத்துக்கொண்டது. நான் அவர் கட்டிப் பழகிய நீலச் சேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மறுநாள் நெபோ மலையில் நான் நின்றது அந்த நீலச் சேலையில்தான். என்னிடம் இருக்கும் படத்திலும் அதுதான்.

வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடந்து போனவர்கள் நம்மில் எத்தனை பேர்! வழியில் பந்தல் போட்டு மோர் ஊற்றியவர் இந்துவா முஸ்லிமா, எந்தத் தெரு, என்ன ஆள் என்று கேட்டா குடித்தோம்? அம்மானில் அந்த அரபிப் பையன் கையால் வாங்கித் தின்றோமே, அவன் யார் என்று விசாரித்தோமா? நடுவழியில் நம்மால் முடிகிறது. சொந்த ஊரில், பெரிய ரோட்டைத் தாண்ட மட்டும் கால் வரவில்லை. செஞ்சியிலிருந்து அம்மான் அவ்வளவு தூரம். அந்த ரோடு முப்பது அடி.

ஊர் திரும்பிய வாரம் சேலையைத் துவைத்து, இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்காரச் சொன்னார், உள்ளே போய் உட்கார்ந்தேன். சொம்பில் தண்ணீர் வந்தது. அப்புறம் காபி. அவர் மருமகள் என்னை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. முப்பது வருஷம் கழித்துப் போய்க் குடித்த தண்ணீரில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

ஆகவே என் வேண்டுகோள் இரண்டுதான். பட்டியலில் யார் பெயர் பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கிறதோ, அப்படியே இருக்கட்டும். பேனாவை மூடிச் சட்டைப் பையில் வையுங்கள். அப்புறம், பெட்டியில் ஒரு சேலையோ வேட்டியோ கூடுதலாக வையுங்கள். யாருடைய பெட்டி வராமல் போகும் என்று இப்போது தெரியாது.

போய்வாருங்கள். ஒலிவ மலையில் பரலோக மந்திரத்தைப் பல மொழிகளில் எழுதிவைத்திருக்கும் ஆலயத்தில் தமிழ்ப் பலகையும் உண்டு. அதன் முன்னால் நின்று எனக்காகவும் ஒருமுறை சொல்லுங்கள். யோர்தான் தண்ணீர் கொண்டுவந்தால் எனக்கும் ஒரு குப்பி வேண்டும். கொண்டுவந்து கொடுக்கும்போது பெரிய ரோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இரண்டிலும் கொடுங்கள். வாங்குகிற வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பங்கைச் சேர்ந்த
ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்,
செஞ்சி